லாப்ரடார் நாயின் ஓயாத அரிப்பு: இனி எந்த உணவைக் கொடுப்பது?

சென்னையில் நான்கு வயது லாப்ரடார் வளர்க்கும் ஒருவரின் கேள்வி இது. நாய்க்கு இரண்டு வயதானபோது தொடங்கிய அரிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. மழைக்காலத்தில் மிகவும் அதிகம். முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்குவதால் அங்குள்ள வெளிர்மஞ்சள் முடி துரு நிறமாகிவிட்டது. காதுகளில் பழுப்பு நிற அழுக்கும் கெட்ட வாடையும் அடிக்கடி வருகின்றன. கோழிக்கறிதான் காரணம் என்று பலரும் சொன்னதால் அதை நிறுத்தி ஆட்டுக்கறி கொடுத்தார்கள். பத்து நாளில் பலன் தெரியவில்லை. பிறகு தானியம் கலக்காத பாக்கெட் உணவுக்கு மாறினார்கள். மூன்று வாரமாகியும் அரிப்பு குறையவில்லை. இனி எந்த உணவைக் கொடுப்பது என்று கேட்கிறார்.

இந்தக் குடும்பத்தின் அக்கறையில் குறை காண ஒன்றுமில்லை. நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் உணவை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவு ஒவ்வாமை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம் நமக்குத் தேவைப்படும். பத்து நாளுக்கு ஒரு கறி என்று எல்லாவற்றையும் ருசி காட்டிவிட்டால், முறையான சோதனை செய்யும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது. தவிர, உணவை மாற்றிய பலன் பத்து நாளிலோ மூன்று வாரத்திலோ தெரிந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கோழி காரணமா இல்லையா என்பது இதுவரை செய்த மாற்றங்களால் தெளிவாகவில்லை. அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

உணவைத் தொடுவதற்கு முன் ஒட்டுண்ணிகளைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். எங்கே அரிக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். வால் தொடங்கும் இடமும் இடுப்பின் மேற்பகுதியும் அரித்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். காது மடலின் ஓரமும் முழங்கை முட்டியும் சொரசொரப்பாகி முடி கொட்டியிருந்தால் சொறிச் சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். காது ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இந்தச் சொறி மனிதர் தோலிலும் சில நாட்கள் அரிப்பை உண்டாக்கும் என்பதால், வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிவந்த புள்ளிகள் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதம், முகம், அக்குள், அடிவயிறு, காதின் உட்புறம் ஆகிய இடங்களில் அரித்து, காது ஓரமும் இடுப்பும் சுத்தமாக இருந்தால், ஒவ்வாமையின் பக்கம் பார்வையைத் திருப்பலாம். இந்த லாப்ரடாரின் நிலை அதுதான் என்று வருணனையிலிருந்து தோன்றுகிறது.

தெள்ளு இல்லை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகை வாரி, உதிர்ந்த கருந்துகள்களை ஈரப் பஞ்சில் வையுங்கள். சுற்றிலும் செந்நிறம் பரவினால் அது பூச்சி கழித்த இரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் சொறியும். சொறிந்தும் கடித்தும் அது பூச்சியை விழுங்கிவிடுவதால், தேடும்போது அகப்படாமலே போவதுண்டு. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாயின் மேல் வாழ்வதில்லை. பாயிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் கிடந்து வளர்கின்றன. எனவே ஒரு மாதம் மருந்து போட்டு நிறுத்தினால் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். நாய்க்கான, பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும். இரண்டும் வளர்ப்பவர்கள் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது. இப்போது கிடைக்கும் ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சொறிச் சிற்றுண்ணி மூன்றையும் ஒருசேரக் கவனிக்கின்றன. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் மட்டும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது தோலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட கிருமி. ஒவ்வாமையால் தோலின் காப்பு தளர்ந்ததும், அங்கே சாதாரணமாகச் சிறு அளவில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலாசீசியா என்னும் ஈஸ்ட்டும் பெருகிவிடும்; அவையே தனியாக அரிப்பை உண்டாக்கும். விரலிடுக்கில் பிசுபிசுப்பு, புளித்த வாடை, காதில் பழுப்பு அழுக்கு, தோல் கருத்துத் தடித்துப்போதல் ஆகியவை ஈஸ்ட்டின் அடையாளங்கள். மருத்துவர் ஒரு ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி எடுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காதழுக்கையும் அப்படியே பார்க்கலாம். செலவு மிகக் குறைந்த இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே பல நாய்களுக்கு உணவு மாற்றப்படுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈஸ்ட் பெருகிக் கிடக்கும் பாதத்துக்கு எந்தக் கறியை மாற்றினாலும் நக்குவது நிற்காது. உங்கள் பகுதியில் இந்த வசதி இல்லையென்றால், 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கல்லூரிகளும் இருக்கின்றன.

இப்போது உணவு. நாய்களின் உணவு ஒவ்வாமை குறித்து வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கணக்கு வெளியானது. ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீதமும், பால் பொருட்கள் 17 சதவீதமும், கோழி 15 சதவீதமும், கோதுமை 13 சதவீதமும் காரணமாக இருந்தன; அரிசியும் மீனும் தலா 2 சதவீதம்தான். இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவதில் ஒரு கவனம் தேவை. நாய்க்கு ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அது தின்று பழகிய பொருளுக்குத்தான். மாட்டிறைச்சி அதிகம் தின்னும் நாடுகளின் நாய்களில் அது முதலிடம் பெறுவது இயல்பு; நம் வீடுகளில் கோழியும் பாலும் தயிரும் பிஸ்கட்டும்தான் அன்றாடம். கோழியைச் சந்தேகிப்பதில் தவறில்லை, ஆனால் காலையில் ஊற்றும் பாலையும் தேநீர் வேளையில் தாத்தா கொடுக்கும் இரண்டு பிஸ்கட்டையும் விட்டுவிட்டுக் கோழியை மட்டும் நிறுத்தினால் எதுவும் புலப்படாது. அதே கணக்கின்படி தானியங்களில் கோதுமை ஒன்றுதான் குறிப்பிடத்தக்க அளவில் வருகிறது. தானியமில்லாத உணவுப் பொட்டலத்திலும் கோழி இருக்கலாம். பொட்டலத்தின் முன்புறத்தில் சால்மன் படம் இருந்தாலும் பின்புறப் பட்டியலில் கோழிக்கொழுப்போ கோழித் தூளோ இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இன்று நம்பத்தக்க வழி ஒன்றே ஒன்றுதான்: விலக்கு உணவுச் சோதனை, அதாவது பழைய உணவை முழுவதும் நிறுத்திச் சோதனைக்கான உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றை அனுப்பி நாற்பது ஐம்பது பொருட்களின் பட்டியல் பெறும் சோதனைகளை உணவு விஷயத்தில் நம்ப முடியாது. நலமாக உள்ள நாய்களுக்கும் அவை ஒவ்வாமை இருப்பதாகக் காட்டுகின்றன. அந்தப் பணத்தைச் சோதனை உணவுக்குச் செலவிடுங்கள். ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்திலும், 90 சதவீதத்துக்கு மேல் எட்டு வாரத்திலும் குணம் தெரிகிறது என்பது ஆய்வில் கண்ட முடிவு. ஆகவே எட்டு வாரம் என்று முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கான உணவை இரண்டு வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாகச் சிதைத்து, உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண முடியாதபடி செய்த மருத்துவ உணவு; ஹைட்ரோலைஸ்டு உணவு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விலை அதிகம், ஆனால் சத்துகள் சரியாக இருக்கும். பெரிய நாய்க்கு மாதச் செலவு கணிசமாக ஆகும் என்பதால் எல்லாராலும் முடியாது என்பதையும் அறிவேன். இரண்டாவது, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் சேர்த்து வீட்டில் சமைப்பது. கோழி தின்று வளர்ந்த நாய்க்கு வாத்தும் காடையும் புதுப் புரதம் போலத் தோன்றினாலும், பறவைகளின் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஆட்டுக்கறி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மீனே தின்னாத நாய் என்றால் மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், அல்லது வளர்ப்பு முயல் இறைச்சியும் கிழங்கும் இந்த லாப்ரடாருக்குப் பொருந்தும். ஒரே வகை மீனை முள் நீக்கி, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, வெந்த எடையில் ஒரு பங்கு மீனுக்கு இரண்டு பங்கு கிழங்கு என்று தொடங்கலாம். புது உணவு வயிற்றுக்குப் பழகுவதற்காக முதல் நான்கைந்து நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள், இளைத்தால் அளவைக் கூட்டுங்கள். வளர்ந்த நாய்க்கு எட்டு வாரம் இது தாங்கும். குட்டிகளுக்கு இப்படிச் செய்யவே கூடாது, சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளைந்துவிடும். சோதனைக்குப் பிறகும் வீட்டுச் சாப்பாட்டையே தொடர விரும்பினால், கால்சியம் முதலியவற்றை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சோதனை தோற்பது பெரும்பாலும் சமையலறைக்கு வெளியில்தான். ஒரு வாய் தயிர்சாதம், தரையில் சிந்திய நெய், நடைப்பயணத்தில் தெருவோரம் பொறுக்கிய கோழி எலும்பு, பூனையின் தட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது: குடற்புழு மாத்திரை, உண்ணி மாத்திரை, சத்து மருந்து ஆகியவை இறைச்சிச் சுவையூட்டப்பட்டவையாக இருக்கலாம், மீனெண்ணெய் அடைத்த கூடுகூட மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனதாக இருக்கலாம். இந்த எட்டு வாரத்துக்கு முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு மாறுவது நல்லது. தோல் எலும்பு என்று விற்கும் மெல்லும் பொருள்களையும் ஒதுக்கி வையுங்கள். வீட்டிலுள்ள முதியவர்கள் அன்பினால்தான் ஊட்டுகிறார்கள். அவர்களிடம் கண்டிப்பாகப் பேசுவதைவிட, அந்த நாளுக்குரிய கிழங்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது பலனளிக்கிறது. நாளொன்றுக்கு ஒரு முறை, அரிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண் போட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு நினைவை நம்பிச் சொல்லும் பதிலைவிட அந்த எண்கள் மேலானவை.

முதல் வாரங்களில் நாய் துன்பப்பட்டால் அரிப்பைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் கொடுக்கலாம். பிறகு மருந்தை நிறுத்தி, உணவால் மட்டும் குணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குணம் தெரிந்தால் பலரும் செய்யத் தயங்கும் ஒரு படி பாக்கி இருக்கிறது: பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. நலமாக இருக்கும் நாயை மறுபடி சொறிய வைக்க மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அந்த எட்டு வாரத்தில் தெள்ளு மருந்தும் குளியலும் பருவ மாற்றமும்கூட வேலை செய்திருக்கும். பழைய உணவு தந்து பதினான்கு நாட்களுக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை உறுதி. உடனே சோதனை உணவுக்குத் திரும்பி, அடங்கிய பிறகு கோழி, பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு இரண்டு வாரம் வீதம் சேர்த்துப் பார்த்தால், வாழ்நாள் முழுவதும் எதைத் தவிர்ப்பது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஒன்றிரண்டு பொருட்களாகவே இருக்கும்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும் தோலைக் கெடுக்கும் ஒரு உணவுப் பழக்கம் நம்மிடம் உண்டு. பால்சோறும் தயிர்சோறுமாகவே வளரும் நாய்களுக்குப் புரதமும் துத்தநாகமும் தோலுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களும் குறைந்து, முடி பளபளப்பிழந்து, செதில் உதிரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை இப்படி வளர்த்துவிட்டு அந்த இனத்துக்கே தோல் நோய் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய்களுக்கு அது பெரும் அநீதி. சோற்றோடு போதிய இறைச்சியோ மீனோ முட்டையோ சேர்ந்தாலே இவற்றில் பல தேறிவிடும்.

மீனெண்ணெய் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்னும் ஒமேகா 3 கொழுப்புகள் தோலின் அழற்சியை ஓரளவு தணிக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் தேவை. 28 கிலோ லாப்ரடாருக்கு அது ஏறத்தாழ 2 முதல் 2.8 கிராம் வரும். கடையில் வாங்கும் 1000 மில்லிகிராம் கூடு ஒன்றில் இவை 300 மில்லிகிராம் மட்டுமே இருக்கலாம் என்பதால், ஒரு கூடு கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருளில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்தே மாற்றம் தெரியும். சிறு அளவில் தொடங்கிக் கூட்டுங்கள், இல்லையேல் வயிற்றுப்போக்கு வரும். மத்தி மீன் சோதனைக் காலத்துக்குப் பிறகு நல்ல உணவுதான். காட் மீன் ஈரல் எண்ணெயை இதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏயும் டியும் அந்த அளவில் நஞ்சாகும். ஆளிவிதையின் ஒமேகா 3யை நாயின் உடல் மிகக் குறைவாகவே ஈபிஏவாக மாற்றிக்கொள்கிறது.

வெளிப்பராமரிப்பில் குளியல்தான் பெரிய மருந்து, அதுவும் சரியாகச் செய்தால். நாயின் மேல்தோல் மனிதருடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நம் சோப்பும் குழந்தை ஷாம்புவும் அதற்கு ஏற்றவை அல்ல. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கும்வரை குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்புவால் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு முறை குளிப்பாட்டலாம். நுரை உடலில் முழுதாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பில் அது இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடும். வெந்நீர் அரிப்பைக் கூட்டும், குளிர்ந்த நீரே நல்லது. பிறகு விரலிடுக்கு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றை ஈரம் போகத் துடைக்க வேண்டும். நடந்து வந்ததும் பாதங்களைத் தண்ணீரில் முக்கித் துடைத்துவிடுவது எளிய வேலை, பலன் பெரிது. லாப்ரடாரின் மடிந்த காதுக்குள் தேங்காயெண்ணெயோ வேறு எண்ணெயோ ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நடுக்காதுக்குப் போகும். மருத்துவர் பார்த்த பிறகு, காதுக்கான திரவத்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

வேப்பிலை வேகவைத்த நீரால் கடைசியாக ஒரு முறை அலசுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அது மருந்துக்கு ஈடாகாது, அவ்வளவுதான். வேப்பெண்ணெயை அடர்த்தியாகப் பூசினால் நாய் நக்கி வாந்தி எடுக்கும். புண்ணான தோலில் வினிகர் எரியும். சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கத்தை இன்றும் சில இடங்களில் காண்கிறோம். அது தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உடலுக்குள் போய் ஈரலைக் கெடுக்கும் கொடுமை. தெருநாய்க்கு இரக்கப்பட்டுக்கூட அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கென வாங்கிய ஸ்டீராய்டு களிம்பையும் நாய்க்குத் தடவ வேண்டாம். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் அரிப்பை ஒரே நாளில் அடக்கும் என்பது உண்மை, அவசரத்துக்கு அவை வேண்டியும் இருக்கின்றன. ஆனால் மாதந்தோறும் தொடர்ந்தால் அளவற்ற தாகம், பசி, தொங்கும் வயிறு, தோல் மெலிதல், மீண்டும் மீண்டும் கிருமித் தொற்று என்று வேறொரு நோயே உருவாகிவிடும். பல நாள் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

எட்டு வாரச் சோதனையை ஒழுங்காக முடித்தும் அரிப்பு குறையவில்லை என்றால், உணவு காரணமில்லை என்று நிம்மதியாக முடிவு செய்து, நாய் விரும்பும் சத்தான உணவுக்குத் திரும்பிவிடுங்கள். அப்போது மிஞ்சுவது சூழலின் மீதான ஒவ்வாமை. தூசிச் சிற்றுண்ணி, பூஞ்சை, மகரந்தம் முதலியவை அதைத் தூண்டுகின்றன. உண்மையில் இந்த லாப்ரடார் விஷயத்தில் என் சந்தேகம் இந்தப் பக்கமே அதிகம் சாய்கிறது. மூன்று வயதுக்குள் தொடங்கியதும், பருவத்தோடு ஏறி இறங்குவதும், முன்பாதமும் காதும் அரிப்பதும் அதற்கு ஒத்துப்போகின்றன. ஆண்டு முழுவதும் ஒரே உணவைத் தின்னும் நாய்க்கு மழைக்காலத்தில் மட்டும் உணவால் அரிப்பு கூடக் காரணம் இல்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்து வரும் நாய்கள் உண்டு என்பதால் சோதனையைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். சூழல் ஒவ்வாமையை முழுதாக நீக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். ஒரு வயது நிறைந்த நாய்க்கு, அரிப்பைத் தணிக்கும் ஓக்ளாசிட்டினிப் மாத்திரை ஸ்டீராய்டைவிட நீண்ட நாள் ஏற்றதாக இருக்கிறது. அதற்கும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தூசிச் சிற்றுண்ணி ஈரக்காற்றில்தான் செழிக்கும். ஐப்பசியில் மழை பிடித்து அரிப்பு ஏறிய பிறகு ஓடுவதைவிட, புரட்டாசியிலேயே நாயின் படுக்கை உறையை 60 டிகிரி வெந்நீரில் வாரந்தோறும் துவைத்து வெயிலில் காயப்போடுவதையும், பஞ்சு மெத்தையை அகற்றிப் பருத்தி விரிப்பு போடுவதையும், வாரக் குளியலையும் தொடங்கிவிட்டால், அந்த ஆண்டின் மருந்து அளவு குறைவதை உங்கள் நாட்காட்டி எண்களே காட்டும்.